இருட்டுக்கும் ஒரு பங்கு

கட்சாலில் கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, கல்மண்டபம் இல்லை. நிக்கோபார்த் தீவுகளின் நடுக்கூட்டத்தில், காமோர்ட்டாவுக்கும் நான்கௌரிக்கும் மேற்கே இருக்கிறது இந்தத் தீவு. இங்கே மரமும் மூங்கிலும் பிரம்பும் புல்லும்தான் கட்டுமானப் பொருள்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்து கரையோரக் குடியிருப்புகளை வாரிக்கொண்டு போனது. 2001 கணக்கெடுப்பில் 5,000-ஐத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2011-இல் 2,700-க்குள் வந்துவிட்டது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் ரப்பர் தோட்ட வேலைக்காக இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள். அவர்களுக்கும் அந்த நாள் அதே நாள்தான். சுனாமிக்குப் பிறகு அரசு கட்டிக் கொடுத்தவை தகரக் கூரை வீடுகள்.

பழைய கட்டடங்களின் உட்புறத்தை எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) முறையில் படமெடுக்கும் கலையைப் பற்றி எழுத வந்தவன் இந்தத் தீவில் தொடங்குவதற்குக் காரணம், நிக்கோபாரியரின் வட்ட வீடு. அந்தக் கலைக்கு அதைவிடக் கடினமான பரீட்சை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் கால்கள். அவற்றின் மேல், கவிழ்த்து வைத்த கூடைபோல் புல் வேய்ந்த குவிமாடம். வளைத்த கழிகளைப் பிரம்பால் இறுக்கிக் கட்டிய சட்டம்; ஆணிக்கு அங்கே வேலையில்லை. சன்னலும் கிடையாது. இதே நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கார் நிக்கோபாரில் வாசலே தரையில்தான்: கீழிருந்து ஏணி சாத்தி, தரையிலுள்ள திறப்பு வழியாக உள்ளே ஏற வேண்டும். ஆகவே அந்த வீட்டுக்குள் வெளிச்சம் வருவது காலடியிலிருந்து. வெயில் பட்ட வெண்மணலில் தெறித்து, தரைத்திறப்பின் வழியே மேலேறி, குவிமாடத்தின் உட்புறத்தை அடிப்பகுதியில் தொட்டுவிட்டு, உச்சிக்குப் போகும்போது அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. கோயில், சர்ச், மாளிகை என்று நாம் பார்த்துப் பழகிய கட்டடங்களில் எல்லாம் வெளிச்சம் மேலிருந்தோ பக்கத்திலிருந்தோதான் வரும். இங்கே கட்டுகளின் நிழல் மேல்நோக்கி விழுகிறது.

இதைப் படமெடுங்கள் பார்க்கலாம். வாசல் திறப்புக்கு ஒளியளந்தால் குவிமாடம் கரியாகிவிடும். குவிமாடத்தின் பிரம்புக் கட்டுக்கு அளந்தால் வாசல் வெறும் வெள்ளை ஓட்டையாகிவிடும். உச்சிவெயிலில் வெளியே இருப்பது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி. சன்னலில்லாத அறையின் மூலையில் 10 லக்ஸ் இருந்தாலே அதிகம். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பது. அந்தக் கணக்கில் 13 ஸ்டாப்புக்கு மேல் போகிறது. உள்ளே இருக்கும் கரிய மரத்துக்கும் வெளியே கிடக்கும் வெள்ளை மணலுக்கும் நிறத்திலேயே உள்ள வேறுபாட்டைச் சேர்த்தால் 16, 17 ஆகும். பழைய ஸ்லைடு ஃபிலிம் தாங்கியது ஐந்து அல்லது ஆறு ஸ்டாப். இன்றைய நல்ல ஃபுல் ஃபிரேம் கேமரா 14-ஐ ஒட்டித் தாங்கும்; அதுவும் அடிமட்ட நிழலில் நாய்ஸ் புள்ளிகளோடு. காகித அச்சுக்கு ஏழைத் தாண்டினால் மூச்சு வாங்கும்.

எச்.டி.ஆர். இங்கேதான் வருகிறது. டிரைபாட்டில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே சட்டகத்தை வெவ்வேறு ஷட்டர் வேகங்களில் பல தடவை எடுப்பது. வேகமான ஷட்டருக்கு வாசல் விவரம் கிடைக்கும், மெதுவான ஷட்டருக்கு மூலை விவரம் கிடைக்கும். எல்லாவற்றையும் கணினியில் இணைத்தால், அந்த அறையில் இருந்த ஒளி முழுவதும் பதிவான ஒரு கோப்பு வரும். அதை அப்படியே காட்டக் காகிதமும் கிடையாது, சாதாரணத் திரையும் கிடையாது. எனவே அந்தப் பெரிய வீச்சைச் சிறிய வீச்சுக்குள் அமுக்க வேண்டும். டோன் மேப்பிங் என்பது அதுதான். முதல் பாதி அளவெடுக்கும் வேலை. யார் செய்தாலும் ஒரே விடை வரும். இரண்டாம் பாதி ரசனை. அங்கேதான் ஆள் தெரிந்துவிடுவார்.

அந்தமான் நிக்கோபாரில் இந்த ரசனையை நான் உரசிப் பார்க்கும் கல், போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை. (ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.) 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி, மொத்தம் 700-க்குச் சற்றுக் குறைவான அறைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைத்ததால் கைதிக்கு இன்னொரு கைதியின் முகம் தெரியாது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று கிளைகள். 1979 முதல் அது தேசிய நினைவுச்சின்னம்.

அறையின் அளவு பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி. முன்னால் இரும்புக் கம்பிக் கதவு, அதற்கு வெளியே வளைவுகள் வைத்த நடை. பின்சுவரில், தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், கம்பி போட்ட ஒரு சிறிய காற்றுத் துவாரம். அறைக்குள் வெளிச்சம் வர இந்த இரண்டே வழி. கதவின் தாழ்ப்பாளைக் கவனிக்க வேண்டும். அது கதவோடு இல்லை. உள்ளிருந்து நீளும் கைக்கு எட்டாத தூரத்தில், வெளிச்சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. கதவிலிருந்து மாடத்துக்கு ஓடும் அந்த நீண்ட இரும்புத் தண்டும், மாடத்தின் விளிம்பில் தேய்ந்த காரையும் எச்.டி.ஆரில் தெளிவாக வரும். சாதாரணப் படத்தில் நடையின் வெயிலுக்கு அளந்தால் மாடம் ஒரு கறுப்புப் பொட்டாக நின்றுவிடும். சிறையின் தந்திரமே அந்தப் பொட்டுக்குள்தான் இருக்கிறது. இந்த உத்திக்கு நியாயம் கேட்பவருக்கு நான் இந்த ஒரு தாழ்ப்பாளைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதே உத்தியை அறைக்குள் கொண்டுபோகும்போது பலர் கெடுத்துவிடுகிறார்கள். நிழல் ஸ்லைடரை வலப்பக்கம் கோடிவரை தள்ளி, மூலை முடுக்கெல்லாம் வெளிச்சமாக்கி, சுவரின் ஒவ்வொரு கீறலையும் தூக்கி நிறுத்தி, துவாரத்துக்கு வெளியே நீல வானத்தையும் வைத்துவிடுகிறார்கள். பார்த்தால் வாடகைக்கு விடும் அறைபோல் இருக்கிறது. அந்த அறையில் பூட்டப்பட்டவருக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது, எவ்வளவு மறுக்கப்பட்டது என்பதுதான் அந்த அறையின் வரலாறு. கட்டியவர்கள் இருட்டையும் அளவெடுத்துத்தான் கட்டினார்கள். இருட்டை அழித்த படத்தில் செங்கல் மிஞ்சும், சிறை மிஞ்சாது. துவாரத்தின் கம்பிகள் வெளிச்சத்தில் கரையாமல் நிற்க வேண்டும், அதற்குக் கீழே சுவர் படிப்படியாக மங்க வேண்டும், தரை மூலை கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்க வேண்டும். அப்படி ஒரு படம் அமைந்தால் அதில் எச்.டி.ஆர். இருப்பதே தெரியாது.

இந்தக் கலை பேர் பெற்றதும் ஒரு பழைய கட்டடத்துக்குள்தான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் சாதாரணப் புகைப்படங்களிலிருந்து ஓர் இடத்தின் முழு ஒளி வீச்சையும் மீட்டெடுக்கும் வழியை ஓர் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். மாலிக் மதுராவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு நினைவு தேவாலயம்: வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் சூரியன், உள்ளே இருண்ட மர உத்தரங்கள். 30 விநாடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு விநாடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாக 16 படங்கள். அதற்குப் பிறகு டோன் மேப்பிங்குக்குப் புது வழி கண்டுபிடித்தவர்கள் பலரும் அந்தத் தேவாலயத்தின் உட்புறத்தில்தான் தங்கள் வழியைச் சோதித்துக் காட்டினார்கள்.

ஆனால் சிக்கல் அதைவிடப் பழையது. 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே அச்சில் சேர்த்தார். நம் பக்கத்தில் லின்னேயஸ் டிரைப். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரைக்கு வந்தவர். மெழுகேற்றிய காகித நெகட்டிவில், நீண்ட எக்ஸ்போஷரில், புதுமண்டபத்தின் தூண் வரிசைக்குள் கேமராவை நிறுத்தினார். அந்தக் காகிதம் வானத்தைத் தாங்காது. எனவே நெகட்டிவின் மேலேயே வர்ணம் தீட்டி மேகத்தையும் மரத்தின் இலைகளையும் சேர்ப்பது அவர் வழக்கம். ஆனால் புதுமண்டப உட்புறத்தில் அவர் இருட்டோடு சண்டை போடவில்லை. தூண்கள் உள்ளே போகப் போக மங்க, யாளியின் முகத்தில் பாதி மட்டும் தெரிகிறது. மீதியை நம் கண் தேடிப் போகிறது. 14 ஸ்டாப் கேமராவும் நவீன மென்பொருளும் கையில் உள்ளவர்கள் அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மதுரையிலேயே இன்னொரு பாடம், திருமலை நாயக்கர் மகாலின் முற்றம். 1636-இல் கட்டியது. நடுவில் திறந்தவெளி, சுற்றிலும் பருத்த சுதைத் தூண்களும் வளைவுகளும். இங்கே வெயில் தரையில் பட்டு, தூணில் பட்டு, வளைவின் அடிவயிறுவரை தானாகவே ஏறிவிடுகிறது. கட்டடமே வெளிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. மூன்று எக்ஸ்போஷர் போதும், இரண்டு ஸ்டாப் இடைவெளியில். இங்கேயும் ஒன்பது படம் எடுத்து இணைப்பவர்கள் சுதையின் மென்மையைச் சிமெண்டாக்கிவிடுகிறார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கும் இதே கதிதான். வளவின் நடுவே முற்றம், சுற்றிலும் நிழல் படிந்த தாழ்வாரம், தூணில் பர்மா தேக்கின் மங்கிய பளபளப்பு. வெயிலிலிருந்து நிழலுக்கு வரும் அந்தக் குளிர்ச்சிதான் அந்த வீட்டின் சுகம். தாழ்வாரத்தை முற்றத்துக்குச் சமமாக வெளிச்சமாக்கினால் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு பிளாஸ்டிக் ஆகிவிடும். வீட்டின் குளிர்ச்சியும் அதோடு போய்விடும்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறிய ராஸ் தீவின் இடிந்த தேவாலயத்துக்கு இந்த உத்தி அதிகம் தேவைப்படாது. கூரை போய்விட்டது, சுவரை ஆல மர வேர்கள் பிடித்திருக்கின்றன, வெளிச்சம் எல்லா இடத்திலும் உண்டு. காற்றில் ஆடும் இலைகள் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் இணைக்கும்போது பேய்போல் இரட்டிக்கும். அங்கே ஒரே ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்தபடியே உள்ள மூலக் கோப்பு, போதும்.

முயன்று பார்க்க விரும்புபவருக்குச் சில கைப்பழக்கங்கள். துளை அளவை எஃப் 8 என்று வைத்து அதைத் தொடாதீர்கள். மாற வேண்டியது ஷட்டர் மட்டுமே. துளை மாறினால் கூர்மையின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐ.எஸ்.ஓ. 100, ஒயிட் பேலன்ஸ் ஒரே நிலையில். முதலில் அறையின் மிக வெளிச்சமான இடத்துக்கு, அதாவது சன்னலுக்கோ துவாரத்துக்கோ, ஹிஸ்டோகிராமின் வலது கோடி முட்டாதபடி ஒரு படம். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை இரண்டு ஸ்டாப் மெதுவாக்கிக்கொண்டே போய், இருண்ட மூலை சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். பழைய கட்டடத்தின் மரத்தளம் ஆள் நடந்தால் அதிரும். பார்வையாளர் கடந்துபோகும்வரை காத்திருங்கள். டிரைபாட் வைக்கப் பல நினைவுச்சின்னங்களில் தனி அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. கணினியில் இணைத்த பிறகு சன்னல் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பியைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அமுக்கியது அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, படமெடுக்கும் முன் அந்த அறையில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எது தெரிகிறது, எது கடைசிவரை தெரியவில்லை என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். டோன் மேப்பிங்குக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

இணைத்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தனித்தனியாக எடுத்த ரா ஃபைல்களை அழிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது கூடாது. அந்தப் படங்கள்தான் அறையின் ஒளிக் கணக்கு. கட்டடம் நாளைக்கே வெள்ளையடிக்கப்படலாம், இடிக்கப்படலாம், தீவில் என்றால் கடலே வந்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு. டோன் மேப்பிங்கின் தொல்லையெல்லாம் காகிதமும் பழைய திரையும் சிறிய வீச்சுக்காரர்கள் என்பதால் வந்தது. 2023-இல் ஆண்ட்ராய்டு 14 அல்ட்ரா எச்.டி.ஆர். என்ற பட வடிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கேற்ற புதிய திரைகளில் படத்தின் ஒரு மூலை மட்டும் சுற்றியிருப்பதைவிடப் பல மடங்கு பிரகாசமாக நிஜமாகவே ஒளிரும். அதனால் நிழலை வலிந்து தூக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. எச்.டி.ஆர். மோகம் பரவிய காலத்தில் எடுத்து, அன்றைய ரசனைக்கு அமுக்கிக் கெடுத்த செல்லுலார் சிறைப் படங்கள் எத்தனையோ பேரிடம் இருக்கும். மூல ஃபைல்கள் பத்திரமாக இருந்தால் அவற்றை இன்று புதிதாக இணைக்கலாம். துவாரம் கண் கூசும்படி எரியட்டும், தரை மூலையை அதன் இருட்டிலேயே விட்டுவிடலாம்.