துதிக்கை வைத்த இலை

புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு நீளச் சுவர் இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது பாதி பள்ளிப் புத்தகத்தில், பாதி அந்தச் சுவரில். பனியன், சிமென்ட், பல்பொடி எல்லாம் அதில் வந்து போகும். தேர்தல் நெருங்கினால் சுவர் முழுக்க வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரை எழுதிவிடுவார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. பிறகு ஒரு ராத்திரி ஓவியர் வருவார்.

அவர் எழுதுவதைப் பார்க்கவே தூங்காமல் கிடந்திருக்கிறேன். நீலப்பொடி தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒரு சுண்டு. சுவரில் நேர்கோடு விழும். 'கழகம்' என்று அவர் எழுதும்போது இரண்டு ககரமும் இரட்டைப் பிள்ளைகளாய் ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் ழகரத்தின் கால் மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி வளையும். கடைசியில் மகரத்தின் தலையில் பிரஷைக் குத்தி, ஒரு சுழற்று. அவ்வளவுதான் புள்ளி, இரண்டாம் தடவை தொடமாட்டார். குறுக்கே மழைநீர்க் குழாய் வந்தால் எழுத்து அதன்மேலும் ஏறி இறங்கிப் போகும்.

வாக்குச்சீட்டில் சின்னத்துக்கு நிறம் கிடையாது, வெறும் கறுப்புக் கோடுகள். எழுதப் படிக்கத் தெரியாதவர் அடையாளம் காண அது போதும். ஆனால் ஒருவர் மனத்தில் தங்க அது போதாது. இரு மலைகளுக்கு நடுவே எழுகிற சூரியனுக்குச் சிவப்பையும், கதிர்நுனியில் கரைகிற மஞ்சளையும் தந்தவை சுவரில் வரைந்த கைகள். எங்கள் ஓவியர் இலைக்கு இரண்டு பச்சை வைத்திருந்தார். வெயில் படுகிற பக்கம் ஒன்று, மடிப்புக்குள் ஒன்று. தெருவிளக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வெளிர்பச்சையைப் பூசுவார்.

இரட்டை இலை 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அறிமுகமான சின்னம். அன்றைய எழுத்தில் 'இலை'யின் லகரத்துக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு கொம்பு சுருண்டு எழும். பெரியார் 1930களிலேயே தம் 'குடி அரசு' இதழில் கைவிட்ட கொம்பு அது. அவருடைய நூற்றாண்டையொட்டி 1978இல் தமிழக அரசு அதை நீக்கி ஆணையிட்டது. ஆணையிட்டது இரட்டை இலையில் வென்று வந்த எம்.ஜி.ஆர். அரசு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சிலிர்க்கும். தன் சின்னத்தின் பெயரில் இருந்த அழகையே அது திருத்திக்கொண்டது.

1980 தேர்தலுக்கும் எங்கள் ஓவியர் பழைய லைதான் போட்டார். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சும்மா இருப்பேனா.

"அண்ணே, இப்ப இப்படி எழுதக் கூடாதாம். வாத்தியார் சொன்னாரு."

"புக்குல எப்படி வேணா எழுதிக்க தம்பி. இலைன்னா காம்பு வேணாமா?"

அதன்பிறகு அந்த எழுத்து என் கண்ணுக்குத் துதிக்கையாகத் தெரிந்ததே இல்லை. சீர்திருத்தம் நியாயமானது, அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் அதனால் பாரம் குறைந்தது. இருந்தாலும் ஒரு சொல் தன் பொருளையே உருவமாகக் காட்டிய இடத்தை அந்த மனிதர் கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்த இலக்கண ஆசிரியரும் எனக்கு அதைக் காட்டவில்லை.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே சட்டம் உண்டு. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் மாநகராட்சி ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வருவார்கள். ஒரே பகலில் சூரியனும் இலையும் கையும் கதிர் அரிவாளும் வெள்ளைக்குள் போய்விடும். ஆனால் சுண்ணாம்பு ஈரத்தில் கண்ணாடி மாதிரி, காய்ந்தால்தான் மறைக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்து, சுவர் ஊறும்போது நான் குடையோடு வாசலில் போய் நிற்பேன். வெள்ளைக்கு அடியிலிருந்து முதலில் சிவப்பு கசியும். அப்புறம் சூரியனின் கதிர் ஒன்று இலையின் நரம்போடு பின்னிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, மங்கிய நீலத்தில், அந்தக் காம்பு.