கரையில் பை, கடலில் நீங்கள்: தனியே போகிறவருக்கான நான்கு பொருட்கள்

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால், "நீங்க போய்க் குளிங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று துண்டை விரித்து உட்கார ஒரு பெரியம்மாவாவது இருப்பார். தனியே போகிறவருக்கு அந்தப் பெரியம்மா கிடையாது. போன், பர்ஸ், அறைச் சாவி மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கணுக்கால் நனையும் தூரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களை எல்லாக் கடற்கரையிலும் பார்க்கலாம். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் பலருக்குக் கடல் இப்படித்தான் கைநழுவுகிறது. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சோதித்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்தில். தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் 'நீலக்கொடி'ச் சான்றை 2021இல் பெற்ற கடற்கரை அது. பக்கத்திலேயே மீனவர் குப்பம், அலைச்சறுக்குப் பள்ளிகள். வார நாள் காலையில் ஆளரவமே இருக்காது. ஞாயிறு மாலையில் கால் வைக்க இடம் இருக்காது. இரண்டு வேளையும் பார்த்தால்தான் இந்தப் பொருட்களின் உண்மை தெரியும்.

முதலில் கழுத்தில் தொங்கவிடும் போன் பவுச். ₹200லிருந்து ₹400க்குள் எங்கும் கிடைக்கிறது. அட்டையில் 'ஐபிஎக்ஸ்8' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த 8 என்பது, அசையாத நல்ல தண்ணீரில், தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்தில், சொல்லும் நேரத்துக்கு மூழ்கடித்துப் பார்த்ததற்கான எண். அலை அடிப்பதும் மணல் உரசுவதும் அந்தச் சோதனையில் இல்லை. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் தேறிய ஒரு பவுச், அலையில் கொஞ்ச நேரம் இருந்ததும் உள்ளே வைத்திருந்த டிஷ்யூ காகிதத்தின் ஓரத்தை நனைத்துவிட்டது. திறந்து பார்த்தால் க்ளிப்பின் பள்ளத்தில் ஒரே ஒரு மணல் துணுக்கு. ஆகவே எந்தப் பவுச்சை வாங்கினாலும் முதலில் போன் இல்லாமல் டிஷ்யூவை வைத்து, வாளியிலும் கடலிலும் பாருங்கள். மூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தை விரலால் துடைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பவுச்சுக்குள் போதிய காற்று இல்லையென்றால் போன் மிதக்காது, மூழ்கும். கழுத்துக் கயிறு அறுந்தால் கதை முடிந்தது. காற்றுப் பை வைத்துத் தைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. படம் எடுக்க ஒலி கூட்டும் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

"என் போனே ஐபி68தானே, பவுச் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதும் நல்ல தண்ணீர்ச் சோதனைதான். நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.

இரண்டாவது பொருள் டிரை பேக். படகில் போகிறவர்களும் அலைச்சறுக்குக்காரர்களும் பல காலமாக வைத்திருப்பது. பிவிசி பூசிய தடித்த துணி. ஓரங்கள் தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டப்பட்டிருக்கும். வாயை மூன்று நான்கு மடிப்பு சுருட்டி இரண்டு முனையையும் பக்கிளில் மாட்டினால் தண்ணீர் புகாது. மடிப்பு குறைந்தால் புகும், அவ்வளவுதான் இதன் சூட்சுமம். ஜிப் இல்லாததால் மணலில் கெடவும் பெரிதாக எதுவும் இல்லை. 5 லிட்டர் பையில் போன், ஒரு கார்டு, கொஞ்சம் ரொக்கம், அறைச் சாவி, மாற்றுச் சட்டை வரை அடங்கிவிடும். நான் பார்த்தவற்றில் இதன்மீதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. காரணம் எளியது: பொருள் கரையில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

ஆனால் இதை எப்படிக் கட்டிக்கொள்வது என்பது உயிர் சம்பந்தப்பட்டது. காற்று அடைத்த பை அமைதியான நீரில், கழிமுகத்தில், பின்னாலேயே அழகாக மிதந்து வரும். அலை உடைந்து விழும் இடத்தில் அதுவே உங்களை இழுக்கும். கழுத்திலோ தோளிலோ குறுக்காக மாட்டிக்கொண்டு அலைக்குள் போகாதீர்கள். ஒரே அழுத்தில் கழன்றுவிடும் பக்கிளோடு இடுப்பில் மட்டும் கட்டுங்கள். மிதக்கிறதே என்று அதை உயிர்காக்கும் மிதவையாகவும் நம்பாதீர்கள். கோவளம் மாதிரி அலை உள்ள கடற்கரைக்கு, இதே சுருட்டு வாயோடு தட்டையாக வரும் இடுப்புப் பை இன்னும் பொருத்தம். உடம்போடு ஒட்டி நிற்கிறது, அலை பிடித்து இழுப்பதில்லை. மாற்றுச் சட்டை அடங்காது. சட்டை கரையிலேயே கிடக்கட்டும்.

மூன்றாவது, இன்று எல்லோரும் சொல்வது: ஆப்பிளின் ஏர்டேக் போன்ற ப்ளூடூத் டிராக்கர். பையில் போட்டுவிட்டால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அந்த வில்லைக்குள் ஜிபிஎஸ் கிடையாது. அருகில் போகிற ஆப்பிள் கருவிகள் அதன் சமிக்ஞையைப் பிடித்து இடத்தைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பதோ ஆண்ட்ராய்டு. ஞாயிறு கூட்டத்தில் இடம் உடனுக்குடன் தெரிந்தது. வெறிச்சோடிய காலையில் பழைய இடத்திலேயே நின்றது. ஆண்ட்ராய்டுக்கு 2024இல் கூகுள் தொடங்கிய வலையமைப்பும், முன்னமைவாக, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில்தான் நன்றாக வேலை செய்யும்.

கடலில் இன்னொரு சிக்கல். டிராக்கர் கரையில், போன் உங்கள் இடுப்பில் என்றால், இடுப்பளவு நீரில் இறங்கியதுமே இணைப்பு அறுந்துவிடும். ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் கடல்நீர் விழுங்கிவிடும். போனையும் பையோடு வைத்துப் போனீர்களானால், தேட வேண்டிய கருவியே திருடனோடு போய்விடும். தெரியாத டிராக்கர் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கை போகும். வேவு பார்ப்பதைத் தடுக்க வைத்த நல்ல ஏற்பாடு அது, குறை சொல்ல முடியாது. டீக்கடை பெஞ்சில் மறந்து வைத்த பையைக் கண்டுபிடிக்க டிராக்கர் அருமை. திருட்டைத் தடுக்க ₹3,000க்கு மேல் கொடுத்து இதை வாங்க வேண்டாம்.

நான்காவது எண்பூட்டும் இரும்புக் கம்பியும் உள்ள பூட்டுப் பை. மூன்று எண் பூட்டில் மொத்தம் 1,000 சேர்க்கைகள். நொடிக்கு ஒன்றாகத் திருப்பினால் 17 நிமிடத்துக்குள் திறந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, கோவளம் மணலில் அதைக் கட்ட எதுவும் இல்லை. குடைக் கம்பைப் பிடுங்கிவிடலாம். கரையில் கிடக்கும் ஃபைபர் படகில் கட்டலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். அது ஒருவரின் பிழைப்பு, எப்போது வேண்டுமானாலும் கடலுக்குக் கிளம்பும். விடுதி நீச்சல் குளத்தின் சாய்வு நாற்காலிக்கு இந்தப் பை சரி.

எந்தப் பையை வாங்கினாலும், கிளம்பும் முன் போனிலேயே சில வேலைகளை முடியுங்கள். *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் முடக்க அது வேண்டும். சிம்முக்கு 'பின்' (PIN) எண் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் சிம்மை வேறு போனில் மாட்டி ஓடிபி வாங்கிவிடுவார்கள். ஐபோனில் 'ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்', ஆண்ட்ராய்டில் 'தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்' இரண்டும் 2024இல் வந்தவை. அமைப்புகளில் தேடி இயக்கிவையுங்கள். கணக்கிலிருந்து பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பாஸ்போர்ட், இரண்டாவது கார்டு, மின்னணுச் சாவி எதுவும் கடற்கரைக்கு வரவே வேண்டாம், விடுதி அறையிலோ வரவேற்பிலோ இருக்கட்டும். மணலில் வெயில்படப் போனை வைப்பதும் கூடாது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை உச்சம் 35 டிகிரி. நம் ஊர் மதியத்தில் கறுப்புப் பைக்குள் அது எளிதில் தாண்டிவிடும்.

சாதனம் எதுவும் இல்லாத நாளில் பழைய வழி இருக்கவே இருக்கிறது. கரையோரக் கடையில் ஒரு டீயோ சுண்டலோ வாங்கிக்கொண்டு, "அக்கா, அரை மணி நேரம் இந்தப் பையைப் பார்த்துக்கிறீங்களா?" என்று கேளுங்கள். துண்டும் செருப்பும் மாற்றுத் துணியும் அங்கே இருக்கலாம். போனும் பணமும் உங்களோடு.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சுருட்டு வாய் வைத்த இடுப்புப் பையை வாங்குங்கள். நல்லது ₹1,000க்குள் கிடைக்கும். பவுச் அதற்குள் வைக்கும் இரண்டாவது உறையாக இருக்கட்டும். டிராக்கரும் பூட்டுப் பையும் கடற்கரைக்குத் தேவையில்லை. பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அலைக்கு முதுகு காட்டி நிற்பதுதான் தனியே குளிப்பவருக்கு உண்மையான ஆபத்து. இடுப்பில் பொருள் இருக்கும்போது கண்ணைக் கடலில் வையுங்கள், உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.