வீச்சும் பிடியும்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்துக் குழு தென்கொரியாவை 2–1 என்ற கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அக்குழு மாஸ்கோவைக் காணவில்லை. ஆயினும் அந்தக் கோல் இன்றளவும் பேசப்படுகிறது. பேசுவோர் நாவில் முதலில் எழுவது வோங்கின் பெயர். பந்தை அவர்க்கு அனுப்பிய ஹசான் சானியின் பெயர் இரண்டாவதாக வரும். சில வேளை வராமலும் போகும். இருவரும் சபா மாநிலக் குழுவில் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்பதை மற்றவர் பார்க்காமலே அறிந்திருந்தார் என்றால் அது மிகையாகாது.

காற்பந்துக் குறிப்பேட்டின் இயல்பு அத்தகையது. கோல் அடித்தவரின் பெயரும் நிமிடமும் அதில் இடம்பெறும். பந்தை ஈந்தவரையும் கணக்கிற் சேர்ப்பது பிற்கால வழக்கம். இவ்வகையில் கிரிக்கெட் ஆட்டத்தின் குறிப்பேடு நேர்மை மிகுந்தது. மட்டையாளர் பிடிகொடுத்து வெளியேறினால், பிடித்தவர் பெயரும் வீசியவர் பெயரும் ஒரே வரியில் எழுதப்படும். ஒருவர் புகழை மற்றவர் எங்ஙனம் உருவாக்குகிறார் என்று ஆராய விழைவோர்க்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. டெஸ்ட் ஆட்டங்களில் ஒரு தமிழர் பெயரும் ஒரு சிங்களவர் பெயரும் அவ்வாறு 77 முறை ஒரே வரியில் நிற்கின்றன: பிடி ஜயவர்தன, வீச்சு முரளிதரன். மஹேல ஜயவர்தன 2014இல் டெஸ்ட் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றபோது, விக்கெட் காவலர் அல்லாத வேறெந்தப் பிடிப்பாளரும் ஒரே வீச்சாளரோடு இணைந்து இந்த எண்ணை எட்டியிருக்கவில்லை. டிராவிட்–கும்ப்ளே இணையின் எண்ணே 55தான்.

இந்த 77 எவ்வாறு விளைந்தது என்பதை ஆட்டம் அறியாதாரும் உணர வேண்டும். முத்தையா முரளிதரன் ஆஃப் சுழல் வீச்சாளர். வலக்கை மட்டையாளர்க்கு அவருடைய இயல்பான பந்து வெளியினின்று உட்புறமாகத் திரும்பும். அதில் தவறுவோர் காலருகே குனிந்து நிற்பவரிடம் பிடிகொடுப்பர். இடக்கை மட்டையாளர்க்கோ அதே பந்து விலகிச் செல்லும். மட்டையின் விளிம்பைத் தொட்டு ஸ்லிப் பக்கம் பறக்கும். பின்னாளில் முரளிதரன் கைவரப்பெற்ற ‘தூஸ்ரா’ என்னும் மாற்றுப் பந்து, அதே கையசைவில் புறப்பட்டு எதிர்த்திசையில் திரும்பியது. இதனால் வலக்கை மட்டையாளரின் விளிம்பும் ஸ்லிப்பிற்கு உரியதாயிற்று. எது உள்ளே வரும், எது விலகும் என்பதை மட்டையாளர் அறிய முடியாமற் போனதே முரளிதரனின் வெற்றி.

ஸ்லிப்பில் நின்றவரின் நிலையைக் கருதுக. சுழற்பந்திற்கு அவர் விக்கெட் காவலரின் தோளை ஒட்டி, மட்டைக்கு மிக அண்மையில் நிற்கிறார். விளிம்பில் பட்ட பந்து அவரை வந்தடைய அரை நொடியும் ஆகாது. காவலரின் உடலும் கையுறையும் பல வேளை பார்வையை மறைக்கும். மட்டையாளர் அறியாத திருப்பத்தை இவரும் அறியாதிருந்தால் கை தாழ்ந்துவிடும், பந்து கடந்துவிடும். ஆகவே வீச்சாளரின் மணிக்கட்டை வீச்சு முடியுமுன் இவர் வாசித்தாக வேண்டும். ஜயவர்தனவைப் பலரும் ‘உறுதியான கைகள் உடையவர்’ என்று பாராட்டுவர். அப்பாராட்டு குறையுடையது. அவருடைய சிறப்பு கைகளில் மட்டும் இல்லை. முரளிதரன் எழுதிய கடினமான வரிகளை எதிராளிக்கு முன்பே படித்துவிட்ட முதல் வாசகர் அவர். நல்ல வாசகர் இன்றேல் நல்ல வரி வெறும் மையாக நின்றுவிடும் என்பதை எழுதுவோர் அறிவர்.

அப்படியாயின் யாருக்கு யார் கடன்பட்டவர்? எண்களை வைத்துப் பார்ப்போர் ஒரு விடையை விரைவில் எட்டுவர். முரளிதரன் 133 டெஸ்டுகளில் வீழ்த்தியவை 800 விக்கெட்டுகள். அவற்றுள் 77 என்பது ஏறத்தாழப் பத்தில் ஒன்று. ஜயவர்தன 149 டெஸ்டுகளில் பிடித்தவை 205. அவற்றுள் 77 என்பது மூன்றில் ஒன்றுக்கும் மேல். எனவே பிடித்தவரே பெருங்கடனாளி என்பர். இக்கணக்கு பிழையன்று, ஆனால் போதாது. ஸ்லிப்பில் தப்பாத கைகள் உண்டு என்று தெரிந்த மட்டையாளர் விலகும் பந்தைத் தொட அஞ்சுகிறார். அஞ்சி முன்காலை நீட்டித் தடுக்கிறார். உள்ளே திரும்பும் பந்தில் காலிற் பட்டு வீழ்கிறார், அல்லது தண்டு சிதறக் காண்கிறார். அந்த விக்கெட்டுகளின் வரியில் ஜயவர்தன பெயர் இராது. ஆயினும் அவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இவ்வாதம் அமெரிக்கக் காற்பந்தில் நெடுநாளாக நடப்பது. அவ்வாட்டத்தில் ‘குவார்ட்டர்பேக்’ என்பவர் பந்தைக் கையால் எறிவார். ஓடிச்சென்று பிடிப்பவர் ‘ரிசீவர்’. எறிந்த தொலைவு இருவர் கணக்கிலும் ஏறும். ஒரே நிலத்தை இருவர் உழுததாக எழுதும் விந்தைக் கணக்கு அது. சான் பிரான்சிஸ்கோ குழுவில் ஜோ மொன்டானா எறிய, ஜெர்ரி ரைஸ் பிடித்தார். ரைஸ் இன்றேல் மொன்டானா இல்லை என்பாரும், மொன்டானா இன்றேல் ரைஸ் இல்லை என்பாரும் அங்கு உளர். வரலாறு இருவரையும் மறுக்கிறது. 1985இல் ரைஸ் அக்குழுவிற் சேருமுன்பே மொன்டானா இருமுறை பெரும்பட்டம் வென்றிருந்தார். மொன்டானா குழுவை விட்டு நீங்கியபின் ஸ்டீவ் யங் எறிந்த பந்துகளைப் பிடித்து ரைஸ் 1995இல் மீண்டும் பட்டம் வென்றார். தனித்தனியே பெரியவர்கள் சேர்ந்தபோது மேலும் பெரியவர்களாயினர் என்பதே உண்மை. முரளிதரன் 1992இல் ஆடத் தொடங்கினார். 1997 ஆகஸ்டில் ஜயவர்தன முதல் டெஸ்டில் இறங்குமுன்பே நூறு விக்கெட்டுகளைக் கடந்திருந்தார். ஜயவர்தனவோ 34 சதங்களும், 2006இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 374 ஓட்டங்களும் குவித்தவர். பிடி ஒன்றையும் பிடிக்காதிருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும்.

பறம்பு மலையின் பாரியைக் கபிலர் பாடியிராவிடில் பாரி இன்று யார் என்று கேட்பர். பாரி இல்லாவிடினும் கபிலர் கபிலரே என்பது அக்கேள்வியில் மறந்துபோகும்.

பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கிரிக்கெட் ஆடுவோர் அரியர். அங்குள்ள திடல்களில் உருள்வது காற்பந்தே. ஆயினும் முரளிதரன் பெயர் அம்மலைகளில் அந்நியமன்று. அவருடைய பாட்டனார் தமிழகத்தினின்று கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்றவர். கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியோரின் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வரலாறு தம் வீட்டு வரலாறாகவே தோன்றும். 1977 கலவரத்தில் முரளிதரன் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டது என்பதை அறிந்தவர்க்கு அவ்வுறவு மேலும் நெருங்கும். இந்நெருக்கத்தினால் விளைவது ஒரு தனிவீரர் கதை: தோட்டத் தொழிலாளியின் பேரன் ஒருவர், தனியொருவராக, உலகை வென்றார் என்பது. அக்கதையில் ஸ்லிப்பில் நின்ற சிங்களவர்க்கு இடமில்லை.

மற்றொரு கதையும் உண்டு. தமிழர் வீசச் சிங்களவர் பிடித்தார். ஆகவே நாட்டில் பிணக்கே இல்லை என்று காட்டும் சுவரொட்டிக் கதை அது. போரில் மடிந்தோரை அவ்வளவு எளிதாக மறைக்க இயலாது. 2020இல் முரளிதரன் வாழ்க்கையைப் படமாக்க முற்பட்டபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது; நடிகர் விஜய் சேதுபதி விலகினார்; வேறொருவர் நடிப்பில் ‘800’ என்ற பெயரில் அப்படம் 2023இல் வெளிவந்தது. போர் பற்றி முரளிதரன் கூறியவற்றை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அச்சினத்தில் விக்கெட்டுகளையும் மறுப்பதும், அவ்விக்கெட்டுகளைக் காட்டிச் சினத்தை அடக்க முயல்வதும் ஆட்டத்தை வாசிக்கத் தெரியாதோர் செயல். ஸ்லிப்பில் நின்றவர் மணிக்கட்டைப் பார்த்தார், குலத்தைப் பார்க்கவில்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் கண்டியிலேயே கிடைக்கிறது. 2002 ஜனவரியில் ஜிம்பாப்வேக்கு எதிராக ஒரே இன்னிங்சில் முரளிதரன் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். பத்தாவதும் கைக்கு எட்டிய வேளையில், காலருகே நின்ற ரசல் ஆர்னல்ட் பிடியை நழுவவிட்டார். கடைசி விக்கெட் சமிந்த வாஸுக்குப் போயிற்று. 1999இல் தில்லியில் கும்ப்ளேயின் பத்தாவது விக்கெட்டை லட்சுமணன் பிடித்துக் கொடுத்தார். முரளிதரனுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆர்னல்டும் தமிழரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நழுவிய பிடிக்குக் குறிப்பேட்டில் வரி இல்லை. 9 விக்கெட்டுக்கு 51 ஓட்டங்கள் என்று மட்டும் அது சொல்லும்.

நழுவாத பிடி 2010 ஜூலையில் காலியில் வந்தது. இந்தியாவுக்கு எதிரான அந்த டெஸ்டே தம் கடைசி ஆட்டம் என்று முரளிதரன் அறிவித்திருந்தார். அப்போது அவர் கணக்கில் 792 விக்கெட்டுகள் இருந்தன. முதல் இன்னிங்சில் ஐந்து. இரண்டாம் இன்னிங்சில் இரண்டு விழுந்தபின் 799இல் நின்றது எண். ஒன்பதாவதாக லட்சுமணன் ரன் அவுட் ஆனார். அவ்விக்கெட் எந்த வீச்சாளரையும் சேராது. எஞ்சியது ஒன்றே. மறுமுனையில் வீசுவோர் அதனை வீழ்த்தினாலும், மற்றுமொரு ரன் அவுட் நேர்ந்தாலும் 799 என்றே முடிந்திருக்கும். பிரக்யான் ஓஜாவும் இஷாந்த் சர்மாவும் தடுத்துத் தடுத்து ஆடினர், பந்துகள் கழிந்துகொண்டிருந்தன. ஐந்தாம் நாள், ஜூலை 22, ஓஜாவின் மட்டை விளிம்பைத் தொட்ட பந்து ஸ்லிப்பிற்குச் சென்றது. அங்கு நின்றவர் ஜயவர்தன.