எட்டைத் தாண்டாத மதிப்பெண்

மருந்து சாப்பிட்ட பிறகு வந்ததெல்லாம் மருந்தால் வந்ததாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். குழந்தைகள் விஷயத்தில் இதைப் பிரித்தறிவது இன்னும் கடினம். கைக்குழந்தைக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாது. மருந்து கொடுக்கும் நேரத்திலேயே காய்ச்சலும் தொற்றும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகெங்கும் அதிகம் கையாளப்படுவது, 1981இல் கனடாவின் டொரொண்டோவில் நரஞ்சோவும் அவருடைய குழுவினரும் வகுத்த அளவுகோல். மொத்தம் 10 கேள்விகள். மருந்துக்குப் பின்தான் விளைவு வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, வேறு காரணம் உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். 9 அல்லது அதற்கு மேல் என்றால் ‘உறுதி’, 5 முதல் 8 வரை ‘அநேகமாக’, 1 முதல் 4 வரை ‘இருக்கலாம்’, அதற்குக் கீழே ‘சந்தேகம்’.

இதன் பெரிய பலம், அவசரத் தீர்ப்புக்குக் கடிவாளம் போடுவது. ‘எனக்குத் தெரியும், இது மருந்துதான்’ என்று சொல்லும் மூத்த மருத்துவரும் பத்துக் கேள்விக்கும் பதில் எழுதியாக வேண்டும். மதுரையில் எழுதிய அறிக்கையை டெல்லியில் இருப்பவர் அதே கண்ணோடு படிக்கலாம்.

ஆனால் ஒரு குழந்தைக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும். நான்கு வயதுக் குழந்தை. காய்ச்சலுக்கு முதன்முறையாக அமாக்ஸிசிலின் சிரப். ஐந்தாம் நாள் உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு. இந்த மருந்தால் தடிப்பு வருவது தெரிந்த செய்தி: 1. மருந்துக்குப் பிறகு வந்தது: 2. நிறுத்தியதும் தணிந்தது: 1. மருத்துவர் கண்ணால் பார்த்து உறுதி செய்தார்: 1. மிச்சம் ‘வேறு காரணம் உண்டா?’ என்ற கேள்வி. வைரஸ் காய்ச்சலும் இதே தடிப்பைத் தரும் என்று எண்ணும் மருத்துவர் 1 மதிப்பெண் கழிப்பார். கூட்டுத்தொகை 4, ‘இருக்கலாம்’. வைரஸ் இல்லை என்று கருதுபவர் 2 கூட்டுவார். கூட்டுத்தொகை 7, ‘அநேகமாக’. ஒரே குழந்தை, ஒரே தடிப்பு. முடிவை மாற்றியது மருத்துவரின் ஊகம். எண் என்ற போர்வை அந்த ஊகத்தை மறைத்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தீர்களா, வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தீர்களா, ரத்தத்தில் மருந்தின் அளவை அளந்தீர்களா என்ற மூன்று கேள்விகளும் குழந்தைகள் வார்டில் பெரும்பாலும் பதிலின்றியே நிற்கும். முதல்முறை மருந்து சாப்பிடும் குழந்தைக்கு ‘முன்பும் இப்படி வந்ததா?’ என்பதற்கும் மதிப்பெண் இல்லை. இந்த நான்கு கேள்விகளுக்கும் உரிய 5 மதிப்பெண்ணும் போனால், மொத்தமுள்ள 13இல் எட்டக்கூடிய உச்சம் 8. மருந்தேதான் காரணம் என்றாலும் ‘உறுதி’ என்ற படியில் அந்தக் குழந்தை ஏறவே முடியாது.

கேட்காமல் விட்டவையும் உண்டு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் மில்லிக்கு 100 மில்லிகிராம்; சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். எடைக்கேற்ற அளவுதான் கொடுக்கப்பட்டதா என்று அந்தப் பத்தில் ஒரு கேள்வியும் நேராகக் கேட்பதில்லை.

இக்குறைகளைக் கண்டுதான் இங்கிலாந்தின் லிவர்பூலில், குழந்தை நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2011இல் புதிய கருவி ஒன்றை உருவாக்கினார்கள். அதில் கூட்டல் கழித்தல் இல்லை. ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு வழிகாட்டும். குழந்தைகளுக்கு இது மேல். ஆனாலும் ‘வேறு காரணம்’ என்ற இடத்தில் இதுவும் மருத்துவரின் ஊகத்தையே நம்புகிறது.

ஊகத்தின் விலை சிறியதல்ல. கனடாவின் மான்ட்ரியலில், அமாக்ஸிசிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதப்பட்ட 818 குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் அதையே திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 94 சதவீதத்தினருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016இல் வெளியான ஆய்வு இது. சீட்டில் ஒருமுறை ‘அலர்ஜி’ என்று ஏறிவிட்டால், எளிய மருந்து இருக்கக் கடுமையான மருந்துகளைக் குழந்தை விழுங்க நேர்கிறது.

எந்த அளவுகோலும் தொடாத இடம் கலப்படம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருப்பதைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டறிந்தது. லேபிளில் இருந்த மருந்துகளை வைத்து மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் குற்றவாளி தப்பியிருக்கும். ஒரு குழந்தை, ஒரு மருந்து என்று பார்க்கும் கருவிக்கு, பல வீடுகளில் இருந்த ஒரே மருந்தும் ஒரே அறிகுறியும் தெரியாது. காசியாபாத்திலிருந்து இயங்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கைகள் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் படம் தெளியும்.

ஆக, அளவுகோல் விசாரணையைத் தொடங்கி வைக்கட்டும். தீர்ப்பை அதனிடம் விட்டுவிடக் கூடாது. ‘இருக்கலாம்’ என்று வந்த குழந்தைக்கு ‘அலர்ஜி’ என்று எழுதும் முன் குழந்தைநல மருத்துவர் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு வழிசெய்ய வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது எளிது: மருந்தின் பெயர், கொடுத்த அளவு, விளைவு வந்த நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள்; பேட்ச் எண் உள்ள பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள்; சந்தேகம் என்றாலே அந்தக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்குத் தெரிவியுங்கள்.