மஷ்ரூ: தந்திரமா, அனுமதியா?

மஷ்ரூத் துணியை ஷரீஅத்தை ஏய்க்கக் கண்ட தந்திரம் என எழுதுவோர் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. குஜராத்தின் பாட்டனிலும் மாண்ட்வியிலும் நெய்யப்பெறும் இதில் பாவு பட்டு, ஊடை பருத்தி. வெளிமுகத்தில் பட்டு மின்னும். பருத்தியே மேனியைத் தொடும். இவ்வளவும் மெய். ஆயினும் ஃபிக்ஹு நூலோர் மேனி தொடுவதையா அளவுகோலாகக் கொண்டனர்? நெசவால்தான் துணி துணியாகிறது, நெசவோ ஊடையால் ஆவது. எனவே ஊடையே கருதப்படும் என்பது ஹனஃபிகளின் 'ஹிதாயா' தரும் விளக்கம். எத்துணை நுட்பமான தறியறிவு! ஷாஃபிஈகளோ எடையைப் பார்த்தனர். பட்டு மிகுந்தால், உட்புறம் பருத்தியாயினும் ஆடவர்க்கு விலக்கே. அனுமதிக்கப்பட்டது எனும் பொருளுடைய அரபுப் பெயர் இவ்விவாதத்தின் விளைவு, ஏய்ப்பின் சான்றன்று. இந்நாளில் பாவிலும் பெரிதும் ரேயானே ஓடுகிறது. பட்டே இல்லாத துணிக்கு அனுமதி எதற்கு? பெயர் மட்டும் நிற்கிறது.