பேசும் வணிகனும் பேசாத வணிகனும்

பொம்மையார்பாளையம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் படகு கரை சேர்ந்ததும் மணலிலேயே மீன் ஏலம் தொடங்கிவிடும். ஏலம் கூறுபவர் தமக்குரிய தரகை எல்லோர் கண்ணெதிரே எடுத்துக்கொள்வார். அது எவ்வளவு என்பது மீனவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அங்கே தரகு என்னும் சொல்லில் இழுக்கு ஏதும் இல்லை.

ஆயினும், தரகு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தை மறைத்துக்கொள்ளும் வாணிகம் ஒன்று உலகில் உண்டு. அதுவே ஆயுத வாணிகம். அதனைப் பொருளாகக் கொண்ட இலக்கியங்களுள் பெரும்புகழ் பெற்றது பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' என்னும் நாடகம். 1905-ஆம் ஆண்டு லண்டனில் அரங்கேறிய அந்நாடகத்தை, நம் நாடு கண்ட ஓர் அனுபவத்தில் வைத்து உரைத்துப் பார்க்க விழைகின்றோம்.

நாடகத்தின் நடுநாயகம் அண்டர்ஷாப்ட் என்னும் பீரங்கி வணிகன். நேர்மையான விலை தருவோர் எவராயினும் அவருக்கு ஆயுதம் விற்பதே அவனுடைய கொள்கை. அவன் மகள் பார்பரா, ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் இரட்சணிய சேனையில் மேஜர். அச்சேனை தன் தந்தையின் ஐயாயிரம் பவுனை ஏற்றுக்கொள்வது கண்டு மனம் உடைந்து, அதைவிட்டு வெளியேறுகிறாள். அரசாங்கத்தைப் பெரிதாக மதித்துப் பேசும் மகனிடம், இந்நாட்டின் அரசாங்கம் நானும் என் கூட்டாளியுமே என்று தந்தை கூறிவிடுகிறான். பாதுகாப்புத் தளவாட நிறுவனங்கள் அரசின் கொள்கையை ஆட்டுவிக்கும் நிலையை இத்துணைத் துணிவோடு மேடையேற்றியவர் அந்நாளில் அரியர். அந்தப் பெருமையை ஷாவுக்கு நாம் தயங்காது அளிக்கின்றோம்.

எனினும் நம் குறை அங்கேதான் தொடங்குகிறது. ஷாவின் வணிகன் பேசுகிறான். தான் செய்வதை மறைக்காமல், வாதத்துக்கு வாதம் எடுத்துரைக்கிறான். நாம் கண்ட வணிகமோ வாய் திறக்கவே இல்லை.

1986 மார்ச் 24 அன்று, 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 410 வாங்குவதற்கு இந்திய அரசு சுவீடன் நாட்டுப் போபர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய். இடைத்தரகர் எவரும் இருத்தலாகாது என்பது இந்திய அரசு விதித்திருந்த நிபந்தனை. 1987 ஏப்ரல் 16 அன்று சுவீடன் வானொலி உண்மையை உடைத்தது. பின்னர்ச் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளேடு ஆவணங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. 'தாமரை', 'துலிப்' எனப் பூக்களின் பெயர் சூட்டிய சுவிஸ் வங்கிக் கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1986 மார்ச் 31-க்குள் ஒப்பந்தம் முடிந்தால் மூன்று விழுக்காடு தரகு என்று, ஏ.இ. சர்வீசஸ் என்னும் நிறுவனத்தோடு போபர்ஸ் முன்னரே உடன்பாடு செய்திருந்தது. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அரசு கையெழுத்திட்டது! அண்டர்ஷாப்ட் தன் மகனிடம் சொன்னதை, இங்கே ஒரு நாட்குறிப்பின் தேதியே சொல்லாமற் சொல்லிற்று.

நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1988-இல் தந்த அறிக்கை, இந்தியர் எவருக்கும் இலஞ்சம் தரப்பட்டதற்குச் சான்று இல்லை என்றது. அக்குழுவில் இருந்த தமிழகத்து உறுப்பினர் ஆலடி அருணா தம் மாறுபட்ட கருத்தைத் தனிக்குறிப்பாக எழுதிச் சேர்த்தார். வழக்கு நெடுங்காலம் நடந்தது. ராஜீவ் காந்தியின் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டைத் தில்லி உயர்நீதிமன்றம் 2004-இல் தள்ளியது. மத்தியப் புலனாய்வுத் துறையின் மேல்முறையீட்டை, காலங்கடந்து வந்தது என்று 2018-இல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆதலால் எவரையும் குற்றவாளி என நாம் எழுதவில்லை. தரகு கொடுக்கப்பட்டது, பெற்றவர் இன்னாரென்று எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை. நம் மனத்தை வருத்துவது இதுவே.

ஷாவின் நாடகத்தில் இன்னொரு வலையும் விரிக்கப்பட்டுள்ளது. இறுதி அங்கத்தில் அண்டர்ஷாப்ட் தன் தொழிற்சாலை ஊரைக் காட்டுகிறான். தூய தெருக்கள், நல்ல வீடுகள், பசியறியாத தொழிலாளர்! அதனைக் கண்டதும் எதிர்வாதம் அடங்குகிறது, பார்பராவும் இணங்கிவிடுகிறாள். பயன் நன்றாயிருப்பின் வழியைக் கேளாதே என்பதன்றோ இதன் பொருள்? இதே வாதம் நம்மிடமும் வந்தது. 1999-இல் கார்கில் போரில் அப்பீரங்கிகள் சிறப்பாகப் பயன்பட்டன. அதை மறுப்பார் யாருமில்லை. 'பீரங்கி நல்லதுதானே, பிறகென்ன கேள்வி?' என்றவர் பலர். பீரங்கி நல்லதாயின், அதை விற்க மறைவான தரகு எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்கின்றோம். தகுதியால் வென்றதா, தரகால் வென்றதா என்று அறிய முடியாதபடி செய்ததே அந்தத் தரகின் பெருங்கேடு.

ஓர் ஒற்றுமையையும் சொல்லிவிடுவோம். போபர்ஸ் ஆலையை 1894-இல் வாங்கியவர் ஆல்பிரட் நோபல். அவர் பெயரால் வழங்கும் இலக்கியப் பரிசு 1925-ஆம் ஆண்டுக்கு உரியதாக ஷாவுக்கு அளிக்கப்பட்டது. பரிசின் சிறப்பை ஏற்ற ஷா, பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. சுவீடன் நாட்டு இலக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணிக்கே அதனை வழங்கினார். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதை உலகறியச் செய்த அச்செயலை, நாடகத்தின் முடிவைவிட உயர்ந்ததாக நாம் மதிக்கின்றோம்.

மேடை வணிகனின் சொல்வன்மையைச் சுவைத்ததோடு நின்றுவிடாமல், அவனுடைய மௌனத்தையும் கேட்கப் பழகுவோமாக. இன்றும் மிகுதியாக ஆயுதம் இறக்குமதி செய்யும் நாடுகளுள் நம் நாடு ஒன்று. அதற்குச் செலவாகும் பணத்தில், பொம்மையார்பாளையத்து மீனவர் வலை வாங்கும்போது செலுத்தும் வரியும் கலந்திருக்கிறது. அவர் தம் கரையில் ஒரு கூடை மீனுக்குத் தரகு எவ்வளவு என்று கேட்டு அறிகிறார். 410 பீரங்கிகளுக்கு அதே கேள்வியைக் கேட்க அவருக்கும் நமக்கும் உரிமை இல்லையா?