இடைகழியும் மலையும்

ழான் திரேஸும் அமர்த்தியா சென்னும் எழுதி 2013-ல் வெளியான 'அன் அன்சர்ட்டன் குளோரி' பொருளாதார நூல்தான். ஆனாலும் கணக்கென்றால் விலகி ஓடுகிற என்னைப் போன்றவனும் கடைசிவரை படித்துவிடலாம். அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருக்கிற புகழ், நாமே நமக்கு வழங்கிக்கொள்கிற ரகமல்ல. பள்ளிக்கூடச் சோறு, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றை ஏழை, மற்றவன் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் என்று வைத்ததைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். அதையும் ராஜ்யம் செழித்த பிறகு செய்யவில்லை. வறுமை மிகுந்திருந்தபோதே செய்தார்கள். 1982-ல் சத்துணவு வந்தபோது வீண்செலவு என்ற நிபுணர்கள் உண்டு. 1997-ல் மத்திய சர்க்கார் வறுமைக்கோடு போட்டு ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு பிரிக்கவில்லை.

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு இந்த வாதம் பழையது. மழையிரவில் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். நனைந்ததற்கு யாரும் சான்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, வறுமைப் பட்டியலில் ஏழைகளே விடுபட்டுப்போவதைக் காட்டும் பக்கங்களைப் படிக்க வேண்டும். நூலின் சிறந்த பகுதி அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இடைகழியில் இடம் கிடைத்தது, வாசல்வரை நடந்து வந்து சேர்ந்தவர்களுக்கு. தமிழ்நாடு என்று ஒரே சொல்லில் பேசும்போது கல்வராயன் மலை கண்ணில் படுவதில்லை. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களிடம் இருந்தது; காமராஜர் மதிய உணவைத் தொடங்கி அதற்குள் இருபது வருஷம் ஆகிவிட்டது! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபது பேருக்கு மேல் கொன்ற பிறகுதான், மலைவாசிகளின் அடிப்படை வசதிகளைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது.

அரிசி ஒதுக்குவது ஒரு செலவு. அது ஏறிப்போகும் பாதை இன்னொரு செலவு. சமவெளியில் பாதையை எப்போதோ போட்டுவிட்டதால் அரிசிச் செலவு மட்டும் தனியே நின்று மலிவாகத் தோன்றுகிறது. மலையிலும் தலைக்கு அதே தொகையைக் கொடுத்துவிட்டு, சமமாகக் கொடுத்தோம் என்றால் கணக்குப் பிள்ளை ஒப்புக்கொள்வார். பிரசவ வலியோடு பாதையில்லாத ஊரிலிருந்து இறங்குகிறவள் ஒப்புக்கொள்வாளா?

இந்தியாவையும் வங்காளதேசத்தையும் எத்தனை பொறுமையாக ஒப்பிடுகிறார்கள்! திருக்கோவிலூரையும் அதே மாவட்டத்தில் மலைமேல் இருக்கிற வெள்ளிமலையையும் அதே பொறுமையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அத்தியாயம் எழுதியிருக்கலாம்.